சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக்கா?

எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில், ஊறுகாய் பாட்டிலுக்கும் இட்லிப் பொடி டப்பாவுக்கும் நடுவே, எப்போதும் ஒரு மருந்து பாட்டில் பாதியாக நிற்கும். ரோஸ் நிறத்தில், மூடியைச் சுற்றிப் பிசுபிசுவென்று. பையனுக்கு மூன்று நாள் கொடுத்திருப்பேன், ஜுரம் நின்றிருக்கும், மீதியை எடுத்து வைத்திருப்பேன். காசு கொடுத்து வாங்கினதை எப்படிக் கொட்டுவது? அடுத்த தடவை சளி பிடித்தால் ஆகுமே! நம்மில் பல பேர் வீட்டில் இதுதான் வழக்கம் என்று நினைக்கிறேன். பழைய சேலையைக்கூட வீணாக்காமல் கரித்துணியாக்குகிற நாம், மருந்தையா வீணாக்குவோம்?

அப்படி ஒரு பாதி பாட்டில் 2022-ஆம் வருஷம் ஆடி மாதம் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போயிற்று. கைப்பையில் வைத்துக் கொண்டு போனவள் நான்தான்.

என் சின்ன நாத்தனாரை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுத்திருக்கிறது. கொரோனா ஓய்ந்து, அந்த வருஷம் ஆண்டாள் தேருக்குச் சொந்தபந்தம் எல்லாம் அவள் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. முதல் நாள் ராத்திரி போன் செய்தாள்.

"மதினி, பாப்பாவுக்கு நாலு நாளா சளி. இன்னிக்கு ஜுரமும் அடிக்குது. தேர்க் கூட்டத்துல டாக்டர் வீட்டுக்கு எங்கிட்டுப் போக? உங்க வீட்ல தம்பிக்குக் கொடுத்த அந்த ரோஸ் மருந்து இருக்கா?"

"இருக்கு, இருக்கு. வரும்போது கொண்டாரேன்."

பாப்பாவுக்கு அப்போது பதினாலு மாதம். போனதும் சமையலறை ஸ்பூனால் அரை ஸ்பூன் புகட்டினோம். ஜுரத்துக்குப் பாராசிட்டமால் சொட்டும் கொடுத்தோம். சாயங்காலம் உடம்பு தணிந்தது. "பாத்தீங்களா, மருந்து கேட்டிருச்சு!" என்று எல்லோருக்கும் சந்தோஷம். தேர் பார்த்தோம், பால்கோவா வாங்கினோம். அடுத்த நாளும் அதே அரை ஸ்பூன். குழந்தை விளையாடாமல் தோளிலேயே கிடந்தாள். பல் முளைக்கிறது போலும், கூட்டத்தைக் கண்ட மிரட்சி போலும் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம்.

மூன்றாம் நாள் காலை என் மாமியார்தான் குழந்தைக்கு உடம்பு துடைக்கச் சட்டையைக் கழற்றினார்கள். கழற்றினவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏம்மா, இங்க வந்து பாருங்க. இவளுக்கு நெஞ்சுக்குக் கீழ ஏன் இப்படிக் குழி விழுந்து குழி விழுந்து எந்திரிக்குது?"

ஆட்டோ பிடித்து ஓடினோம். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைக்கூட எடுக்கவில்லை. குழந்தையைத் தாய் மடியிலேயே இருக்கச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு முழு நிமிஷம் வயிற்றையே பார்த்தார். ஐம்பத்தாறு. விரலில் கிளிப் மாட்டினார்கள், ஆக்ஸிஜன் எண்பத்தெட்டு காட்டியது. நிமோனியா என்றார். அப்போதே அட்மிஷன்.

"வீட்டுல என்ன மருந்து கொடுத்தீங்க?"

பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினேன். லேபிளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்திக் கலக்கி எத்தனை நாளாச்சு?" என்றார். பங்குனியில் பையனுக்குக் கலக்கியது. நாலு மாதம்.

"கலக்கினப்புறம் இதுக்கு ஏழு நாள்தாம்மா ஆயுசு" என்று அமைதியாகச் சொன்னார். "இதனால நிமோனியா வரலை. ஆனா மருந்து கொடுத்தாச்சுன்னு ரெண்டு நாள் நிம்மதியா இருந்தீங்க பாருங்க, அதுக்குள்ள நெஞ்சுல முத்திப்போச்சு. ஜுரம் தணிஞ்சது இதனால இல்ல, பாராசிட்டமாலால."

நாத்தனார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான்தானே மதினி கேட்டேன்" என்றாள். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயும் கையில் ஊசியுமாகக் கிடந்த குழந்தையை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஐந்து நாள் ஊசி மருந்துக்குப் பிறகுதான் அவள் தாய்ப்பாலை இழுத்துக் குடித்தாள். அந்த ஐந்து நாளும் வார்டு பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டரம்மாவையும் சிஸ்டர்களையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், அதற்குப் பிறகு விசாரித்துப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். பிளஸ் டூ படித்தவளுக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியும்.

மூக்கும் தொண்டையும் ஒன்று, நெஞ்சு வேறு

நாம் எல்லாவற்றையும் "சளி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். மூக்கொழுகல், தும்மல், தொண்டைக் கரகரப்பு, காதுவலி இவையெல்லாம் மேல் மூச்சுப் பாதையைச் சேர்ந்தவை. குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழல்கள், நுரையீரல் இவற்றில் வருவது கீழ்ப் பாதை நோய். மேலே வருவதில் பெரும்பாலானவை வைரஸ் என்கிற கிருமியால் வருபவை. ஆன்டிபயாடிக் மருந்து பாக்டீரியா என்கிற வேறு ஜாதிக் கிருமியைத்தான் கொல்லும். வைரஸை அது தொடவே தொடாது. பூட்டு ஒன்று, சாவி வேறொன்று! ஒரு வாரம், பத்து நாளில் சளி தானாக விடும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம்கூட இழுத்துக்கொண்டு போகும். நாம் ஐந்தாம் நாள் பொறுமை இழந்து ஆன்டிபயாடிக் கொடுப்போம். ஏழாம் நாள் சளி விடும். மருந்துக்குத்தான் நின்றது என்று அதற்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிடுவோம்.

"சளி பச்சையா, மஞ்சளா வருதே, சீழ்தானே அது?" என்று சிஸ்டரிடம் கேட்டேன். இல்லையாம். சாதாரண வைரஸ் சளியும் மூன்று நாலு நாளில் கெட்டியாகி நிறம் மாறும். நிறத்தை மட்டும் பார்த்து மருந்து வாங்கக் கூடாது.

சின்னக் குழந்தைகளுக்கு வருகிற இழுப்பும் பெரும்பாலும் வைரஸ்தான். ஆனால் நெஞ்சுக்குள் இருப்பது வைரஸா பாக்டீரியாவா என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல நம்மால் முடியாது. நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மூச்சை எண்ணலாம்.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறுவதை ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது, குழந்தை ஒரே சீராக மூச்சு விடாது. பிறந்து இரண்டு மாதம் ஆகாத சிசுவுக்கு 60-ம் அதற்கு மேலும், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50-ம் மேலும், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40-ம் மேலும் இருந்தால் அது வேக மூச்சு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கு இது. கிராம சுகாதார நர்சுகளும் இதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். வேக மூச்சு என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் தண்ணீர் குடிக்காவிட்டாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, எழுப்பினாலும் மயங்கிக் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ராத்திரி என்று பார்க்காதீர்கள், 108-க்கு அடித்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு ஜுரம் வந்தாலே ஆஸ்பத்திரிதான்.

எங்கள் பாப்பாவுக்கு 40-க்கு மேல் என்றால் ஆபத்து. அவளுக்கு 56. என்றைக்கு 40-ஐத் தாண்டியதோ! கூடம் நிறைய ஜனம் இருந்தோம், ஒருத்தரும் சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

அம்மைக் குத்து அட்டையை டாக்டரம்மா கேட்டார். நிமோகாக்கல் தடுப்பூசி நம் மாநிலத்தில் 2021 ஜூலையிலிருந்து அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என்று மூன்று தவணை. பாப்பாவுக்கு முதல் இரண்டும் ஆகியிருந்தன. ஒன்பதாம் மாதம் போனபோது லேசாகச் சளி இருந்ததால், "அப்புறம் பாத்துக்கலாம்" என்று வீட்டில் உள்ளவர்களே திருப்பிக் கூட்டிவந்துவிட்டார்கள். லேசான சளி இருமலுக்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லையாம். இது எத்தனை தாய்மார்களுக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது.

தொண்டை வலியை மட்டும் லேசாக விடாதீர்கள்

ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி நினைத்து ஏமாந்த கதையும் என் கண்ணெதிரே இருக்கிறது. என்னோடு பள்ளியில் படித்த தோழி ஒருத்திக்குச் சின்ன வயதில் அடிக்கடி தொண்டைப் புண் வரும். மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள், சரியாகும். ஏழாவது படிக்கும்போது முழங்கால், கணுக்கால் எல்லாம் மாற்றி மாற்றி வீங்கின. ருமாட்டிக் ஜுரம் என்றார்கள். கல்யாணமாகி முழுகாமல் இருந்தபோதுதான் இருதய வால்வு கெட்டுப்போனது தெரிந்தது. மதுரைக்கும் சென்னைக்கும் அலைந்தாள்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைப் புண் இது. ஐந்திலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். திடீரென்று தொண்டை வலி, நல்ல ஜுரம், டான்சில் சிவந்து வெள்ளைப் படலம், கழுத்தில் நெறி கட்டித் தொட்டால் வலி. ஆனால் மூக்கு ஒழுகாது, இருமல் இருக்காது. இப்படி இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். பெனிசிலினோ அந்த வகை மருந்தோ வழக்கமாகப் பத்து நாள் கொடுப்பார்கள். இரண்டாம் நாளே வலி போய்விடும், ஆனாலும் சொன்ன நாள் வரை கொடுத்தே தீர வேண்டும். ஒரு தடவை ருமாட்டிக் ஜுரம் வந்துவிட்டால், மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்று வருஷக்கணக்கில் பெனிசிலின் ஊசி போட வேண்டியிருக்கும். என் தோழி போட்டுக்கொண்டாள், நடுவில் விட்டுவிட்டாள். "வலியே இல்லையே, எதுக்கு ஊசின்னு அம்மா நிறுத்திட்டாங்க" என்றாள்.

பெரியவர்கள் இருமல் இன்னொரு விதம். எங்கள் ஊர் மில் ஊர். நூற்பாலையில் பஞ்சுத் தூசியில் வேலை செய்பவர்களுக்கு, லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சடைப்பும் இருமலும் வருவதுண்டு. எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு அப்படித்தான். கடையில் வாங்கி எத்தனை ஆன்டிபயாடிக் விழுங்கினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. தூசிக்கு அது என்ன செய்யும்? இரண்டு வாரத்துக்கு மேல் யாருக்கு இருமல் இருந்தாலும் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்டுபிடித்தவரே சொன்ன எச்சரிக்கை

பெனிசிலினை லண்டனில் 1928-ல் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். 1945-ல் அவருக்கும் வேறு இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த விழாச் சொற்பொழிவில் அவர் ஒரு சின்னக் கதை சொன்னாராம். படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஒருவருக்குத் தொண்டை வலி. தாமே பெனிசிலின் வாங்கிக் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். கிருமி சாகும் அளவுக்குச் சாப்பிடவில்லை. அந்த மருந்தைச் சமாளிக்கக் கிருமி கற்றுக்கொள்ளும் அளவுக்குத்தான் சாப்பிட்டார். பிறகு அவர் மனைவிக்கு அதே கிருமி ஒட்டி நிமோனியா வருகிறது. அவளுக்கு முறையாகவே பெனிசிலின் கொடுக்கிறார்கள். கிருமிதான் கற்றுக்கொண்டுவிட்டதே, மருந்து கேட்கவில்லை. அந்த அம்மாள் இறந்துபோகிறாள். அவள் சாவுக்கு யார் பொறுப்பு என்று அவர் சபையைக் கேட்டார்.

நம் நாட்டு அரசாங்கம் புனே பக்கத்தில் பிம்ப்ரியில் ஆன்டிபயாடிக் கம்பெனி தொடங்கியதே 1954-ல்தான். அதற்கு ஒன்பது வருஷம் முன்பே இந்த எச்சரிக்கை வந்துவிட்டது! கேட்டோமா? 2010-ல் பெரிய பெரிய மருந்துக்கும் அடங்காத கிருமிகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியாகி உலகமெங்கும் பேசினார்கள். அதில் சென்னை நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளும் இருந்தன. 2012 ஆகஸ்டில் நம் நாட்டு மருத்துவ சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் மருந்தைக் கண்டபடி விற்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று ஒரு திட்டம் வகுத்தார்கள். சென்னைப் பிரகடனம் என்றே அதற்குப் பெயர். 2014 மார்ச்சிலிருந்து செஃபிக்ஸிம் போன்ற சில மருந்துகளுக்கு மருந்துக்கடைக்காரர் தனி ரிஜிஸ்டர் வைத்து டாக்டர் பெயர், நோயாளி பெயர் எழுதி, மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்கும் மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள், கோடு தெரியும்.

சட்டம் இருக்கிறது. ஆனால் "அண்ணே, தொண்டை வலிக்கு ரெண்டு மாத்திரை கொடுங்க" என்றால் எடுத்துக் கொடுக்கும் கடைகளும் இருக்கத்தான் செய்கின்றன. கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேட்கிற வாய் நம்முடையதுதானே.

டாக்டர் எழுதிக் கொடுத்தால்

பவுடர் பாட்டிலில் கொதித்து ஆறிய தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், சூடாக ஊற்றக் கூடாது. முதலில் பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்த்துக்கொண்டு, பாதித் தண்ணீர் விட்டுக் குலுக்கி, நுரை அடங்கினதும் கோடு வரை நிரப்ப வேண்டும். கலக்கிய தேதியைப் பேனாவால் லேபிளில் எழுதிவிடுங்கள். சில மருந்து ஏழு நாள், சில மருந்து பதினாலு நாள் தாங்கும், லேபிளிலேயே போட்டிருக்கும். ஒவ்வொரு வேளையும் குலுக்கிவிட்டு, கூடவே வரும் அளவு மூடியாலோ ஊசியில்லாத சிரிஞ்சாலோ கொடுக்க வேண்டும். என் வீட்டு ஸ்பூனை அளந்து பார்த்தேன், ஒன்றில் மூன்று மில்லி, இன்னொன்றில் ஏழு! டாக்டர் சொன்ன நாள் முடிந்ததும் மீதியைக் கொட்டிவிடுங்கள். தம்பிக்குக் கொடுத்ததை அண்ணனுக்கு மாற்றக் கூடாது. உடம்பில் தடிப்போ, கண், உதடு வீக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு உடனே கேளுங்கள். வயிற்றுப்போக்கு கொஞ்சம் வரத்தான் செய்யும். வேண்டாத போது இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மருந்தில்லாத சளிக்கு என்னதான் செய்வது? தாய்ப்பாலை அடிக்கடி கொடுப்பதும், அடைத்த மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு விடுவதும், வெதுவெதுப்பான கஞ்சியும் போதும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு ராத்திரி அரை ஸ்பூன் தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, நாக்கில் தடவுவதும் தப்பு. இருமல் சிரப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2025-ல் நம் காஞ்சிபுரம் பக்கம் தயாரான ஒரு சிரப்பில் விஷம் கலந்திருந்து, மத்தியப் பிரதேசத்தில் சின்னக் குழந்தைகள் மாண்டுபோனது மறக்கக்கூடியதா? இரண்டு வயதுக்குள் இருமல் மருந்தே கொடுக்காதீர்கள், ஐந்து வயது வரையிலும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறையே அப்போது சொல்லியிருக்கிறது.

இதில் என் மாமியாருக்கும் டாக்டரம்மாவுக்கும் ஒரு சின்ன வழக்கே நடந்தது. குளிப்பாட்டி மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதையும், சாம்பிராணிப் புகை போடுவதையும், நெஞ்சில் கற்பூரத் தைலம் தேய்ப்பதையும் அவர் நிறுத்தச் சொன்னார். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதனாலேயே நிமோனியா வரும், புகை மூச்சுக்குழலைப் புண்ணாக்கும், கற்பூரம் பச்சைக் குழந்தைக்கு வலிப்பைக்கூடக் கொண்டுவரும் என்றார்.

"நான் அஞ்சு பிள்ளைய இப்படித்தான் வளர்த்தேன்" என்றார்கள் மாமியார்.

"அம்மா, குழி விழுறதை முதல்ல பார்த்தது நீங்கதான். உங்க கண்ணை நான் நம்புறேன். எண்ணெயை மட்டும் விட்டுடுங்க" என்றார் டாக்டரம்மா. அதற்கு மேல் மாமியார் பேசவில்லை. சாம்பிராணி இப்போது வெள்ளிக்கிழமை பூஜையறையோடு சரி.

வீடு திரும்பினதும் பிரிட்ஜ் கதவில் இருந்தவற்றை எல்லாம் எடுத்தேன். மூன்று பாட்டில், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை நாலு. மாத்திரை அட்டை ஒன்றில் வருஷம்கூட அழிந்திருந்தது.

பாப்பாவுக்கு விட்டுப்போன மூன்றாவது தவணைத் தடுப்பூசி உடம்பு தேறினதும் போட்டாயிற்று. பிறகும் சளி பிடிக்காமலா இருக்கும்? போன தடவை மழை நாளில் பிடித்தபோது நாத்தனார் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாள். எனக்குக் கை நடுங்கியது.

"மதினி, பயப்படாதீங்க. தூங்கும்போது எண்ணினேன். ரெண்டு தடவை எண்ணினேன். இருபத்தெட்டுதான் இருக்கு."

"குழி விழுதா பாத்தியா?"

"சட்டையத் தூக்கித்தான் பாத்தேன். விழலை. கஞ்சி குடிச்சிட்டுத்தான் தூங்குறா."

"சரி, காலைல முழிச்சதும் இன்னொரு தடவை எண்ணிட்டுப் போன் பண்ணு" என்றேன். ஆறு மணிக்கு முன்னாலேயே பண்ணிவிட்டாள்.